வண்டில் போன வழி: கும்புறுப்பிட்டியில் 12 ஏக்கர் காட்டுக்காணிக்குள் ட்ராக்டர் பாதை போட்ட அனுபவம்

திருகோணமலையிலிருந்து நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் கும்புறுப்பிட்டி வரும். அந்த வீதிக்கு மேற்கே உள்ளுக்குப் போகிற காணிகளில் ஒன்று எங்களுடையது. அம்மப்பாவின் காணி, 12 ஏக்கர், அகலம் குறைவு, நீளம் கூட, முன்வேலியிலிருந்து பின்வேலி வரை ஏறத்தாழ 400 மீற்றர். 1990இல் விட்டுவிட்டுப் போனவர்கள் சண்டை முடிந்து திரும்பி வந்தபோது தென்னையும் மாவும் இருந்த இடத்தில் பாலையும் வீரையும் முதிரையும் கூடாரம் போட்டு நின்றன. பின்பக்கத்தில் அம்மப்பா வைத்த மரமுந்திரிகை மட்டும் ஒரு 3 ஏக்கர் தப்பியிருந்தது, அதோடு ஒரு கல்லுக்கிணறும் இருந்தது. அந்த முந்திரிகைக்கும் கிணற்றுக்கும் ட்ராக்டர் போய் வர ஒரு பாதை வேண்டும், அவ்வளவுதான் எங்கள் தேவை.

அந்தப் பாதையை நாங்கள் இரண்டு தரம் போட்டோம். முதல் தரம் 2019இல், இரண்டாம் தரம் 2021இல் தொடங்கி 2023 வரை கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டுக்கும் நடுவில் என்ன பிழைத்தது, ஏன் பிழைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தில் இப்போது நிறையப் பேர் இதே மாதிரிக் காணிகளைத் திறக்கிறார்கள். மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் வந்து நின்ற பிறகு யோசிக்க நேரம் இருக்காது, முதலே யோசித்துவிடுங்கள்.

கத்தி வைக்கும் முன்

முதலில் கடதாசி. நில அளவை வரைபடத்தை எடுத்து எல்லைக்கற்களைத் தேடிப் பிடித்தோம், பற்றைக்குள் இரண்டு கல் புதைந்து கிடந்தன. நீண்டகாலம் விட்டுக் கிடந்த காணிகளில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்களும் நட்டிருக்கக்கூடும், அதனால் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் கேட்காமல் ஒரு கொப்பும் வெட்ட வேண்டாம். வெட்டிய முதிரை, பாலை, சாவண்டலை போன்ற மரத்தை வெளியே ஏற்றுவதற்குத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும், சொந்தக் காணி என்பது அதற்குப் போதாது. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, எங்கள் முன்வேலியில் பெண்பனை நின்றதால் பாதையின் வாயை 8 அடி தள்ளி வைத்தோம். அப்புறம், கண்ணிவெடி அகற்றிய பகுதியா இல்லையா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். மண்ணைக் கிளறும் வேலை இது, வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி.

2019: நேர்க்கோடு

அந்த வருடம் ஓகஸ்ட் மாதம், வரண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம், பெக்கோ பிடித்தோம். முன்வேலியிலிருந்து பார்த்தால் பின்வேலி நேரே, ஆகவே பாதையும் நேரே. இயக்கியவர் கேட்டது ஒன்றுதான், எவ்வளவு அகலம் என்று. கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று நாங்கள் சொல்ல, 15 அடி அகலத்துக்கு மேல்மண்ணை வழித்து இரண்டு கரையிலும் வரம்பு மாதிரி ஒதுக்கிவிட்டுப் போனார். 11 மணித்தியால வேலை. அதன்மேல் 22 கியூப் கிரவல் பறித்துப் பரப்பினோம். சிவப்பாக, அம்பு விட்ட மாதிரி, பார்க்க அவ்வளவு வடிவு. அம்மா அதில் நடந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அழுதார்.

நவம்பரில் மழை தொடங்கியது. திருகோணமலைக்கு வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் விழுந்து முடிகிறது, அதுவும் பரவலாக அல்ல, ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் கொட்டிவிட்டு இரண்டு நாள் சும்மா இருக்கும். அந்த 100 மில்லிமீற்றரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,300 அடி நீளம், 15 அடி அகலம், இந்தப் பாதையின்மேல் மட்டும் நேராக விழுகிற தண்ணீர் 1,80,000 லீற்றருக்கு மேல். 5,000 லீற்றர் பவுசர் 36 வந்து ஒரே நாளில் ஊற்றிவிட்டுப் போவதற்குச் சமம். பக்கத்துக் காணியிலிருந்து வழிந்து வருவது இதில் சேரவில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இரண்டு கரையிலும் வரம்பு, நடுவில் வழித்தெடுத்த பள்ளம். நாங்கள் பாதை என்று நினைத்து வெட்டியது வாய்க்கால்.

காணியின் நடுவில் ஒரு பாறைத் திட்டு உண்டு, அதன் முதுகிலிருந்து ஓடைக்கு இறங்குகிற 60 மீற்றர் துண்டில் சரிவு 8 சதவீதம். டிசம்பர் நடுவில் பார்த்தபோது அந்தத் துண்டில் முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தது. கிரவல் முழுக்க ஓடைக்குள். 22 கியூப் என்றால் 2,200 கன அடி, அதை 1,300 அடி நீளத்துக்கும் 10 அடி அகலத்துக்கும் பரப்பினால் தடிப்பு வெறும் 2 அங்குலம். செங்கபில மண்ணின்மேல் 2 அங்குலக் கிரவல் பூச்சு வேலைதான், அது சில்லுப் பாரத்தைத் தாங்காது. ஓடையில் போட்டிருந்த 12 அங்குலக் கொங்கிறீற்று ஹியூம் பைப்பை இலையும் சுள்ளியும் அடைத்து, தண்ணீர் அதன்மேலால் பாய்ந்து, பைப்பைச் சுற்றியிருந்த மண்ணைக் கொண்டுபோய், கடைசியில் பைப் மட்டும் தனியாகக் கிடந்தது. பாறைக்கு இந்தப் பக்கத்துப் பள்ளத்தில் ட்ராக்டர் அச்சு வரை இறங்கி, இன்னொரு மெசின் கொண்டுவந்து இழுத்தோம், அந்த இழுப்பில் உண்டான சில்லுத்தடம் அடுத்த இரண்டு வருடம் தண்ணீர்த் தொட்டியாக இருந்தது.

அடுத்த வருடம் டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் எங்கள் கரையைத்தான் கடந்தது. 1964 புயலைக் கண்ட பெரியவர்கள் இதைப் பெரிதாக எடுக்கவில்லை, ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் பாதைக்குக் குறுக்கே ஐந்து மரம். காட்டுக்குள் மற்றப்படி விழுந்தவை மிகக் குறைவு. ஏன் பாதையோரத்தில் மட்டும்? விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தோம், ஐந்தில் நான்குக்குப் பாதைப் பக்கத்து வேர் இல்லை. பெக்கோ வாளி 2019இல் அறுத்த வேர்கள். பார்க்கப் பச்சையாக, திடமாகத்தான் நின்றன, ஒரு பக்கக் கால் இல்லாமல். அதில் ஒரு வீரைக்கு என் அம்மாவின் வயது இருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

இன்னொன்று, மெதுவாக வந்தது. 15 அடி வழித்ததோடு இரண்டு பக்கமும் கொப்பு வெட்டி வானத்தைத் திறந்துவிட்டோம். வெயில் விழுந்த இடமெல்லாம் நாயுண்ணியும் கினிப்புல்லும் ஏறின, 2021 செப்டம்பரில் அந்தப் புல் காய்ந்து ஆளுயரத்துக்கு நின்றது. பக்கத்தில் யாரோ பற்றைக்கு வைத்த நெருப்பு அந்தப் புல்லைப் பிடித்துப் பாதை வழியே உள்ளுக்கு வந்தது. நிழல் இருந்த காட்டுக்குள் நெருப்பு நுழையவில்லை, நாங்கள் திறந்த கோட்டில்தான் ஓடியது.

மழைக்குள் நடந்தது

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஐயா இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், அந்தக் காலத்தில் அம்மப்பாவோடு வண்டில் ஓட்டியவர். 2021 ஜனவரியில் ஒரு நாள், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, குடையோடு வந்து நின்று கேட்டார்.

"தம்பி, உங்கட றோட்டை மழைக்குள்ள ஒருக்காலும் நடந்து பாத்தனீங்களோ?"

"இல்லை ஐயா. சேறு எண்டு போகேல்ல."

"வாங்கோ இப்ப. வெயில்ல பாத்தா எல்லா நிலமும் ஒண்டுதான்."

இந்த முழு அனுபவத்திலும் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அந்த ஒன்றரை மணித்தியால நடைதான். தண்ணீர் எங்கே சேர்கிறது, எங்கே வேகம் எடுக்கிறது, எந்த இடத்தில் தானாகவே பக்கத்துக்கு ஒதுங்கப் பார்த்து எங்கள் வரம்பில் முட்டித் திரும்புகிறது, எல்லாம் கண்ணுக்கு முன்னால். கையில் ஒரு கட்டுக் கிழிந்த சிவப்புத் துணி கொண்டு போயிருந்தோம், தண்ணீர் பாதையை வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு கட்டினேன். பதினேழு துண்டு வந்தது.

பாறைத் திட்டுக்குக் கிட்டப் போனதும் ஐயா வலது பக்கமாகப் பற்றைக்குள் இறங்கினார். "இதுதான் உங்கட அம்மப்பான்ர வண்டில் பாதை." முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது, இரண்டு பக்கமும் பெரிய பாலைகள், நடுவில் ஒரே அளவு இடைவெளி, அந்த இடைவெளியில் வளர்ந்தவை எல்லாம் இளமரங்கள். பாறையின் முதுகில் ஏறாமல் அதன் தோளைச் சுற்றி வளைந்து, ஓடையை அது அகலமாகவும் ஆழமில்லாமலும் ஓடுகிற இடத்தில் குறுக்கிட்டு, பின்பக்கத்து மேட்டுக்கு ஏறுகிறது. பாரம் ஏற்றிய வண்டிலை மாடு செங்குத்தில் இழுக்காது, இறக்கத்தில் வண்டில் மாட்டைத் தள்ளும், அதனால் அந்த மனிதர்கள் சரிவு குறைந்த வழியைத்தான் தேடிப் பிடித்தார்கள். சரிவு குறைந்த இடத்தில் தண்ணீருக்கும் வேகம் குறைவு. முப்பது வருட மழைக்குப் பிறகும் அந்தத் தடத்தில் ஒரு சாண் அரிப்புக்கூட இல்லை.

50 குதிரைவலு மெசின் எதிலும் ஏறும் என்பதால் நாங்கள் நிலத்தைப் பார்க்கவில்லை. பிழையின் வேர் அங்கேதான்.

புதிய கோடு

பழைய வண்டில் பாதையை எடுத்துக்கொண்டு, ட்ராக்டரும் அது பின்னால் இழுக்கிற பெட்டியும் திரும்புகிற அளவுக்கு மட்டும் மாற்றினோம். சரிவு பார்க்க ஏ எழுத்து வடிவில் மூன்று தடியில் ஒரு சட்டம், நடுவில் நூலில் கட்டிய கல். பெரிய தூரத்துக்கு மேசன்மார் பாவிக்கிற தண்ணீர்க் குழாய். வேறு கருவி இல்லை. 60 மீற்றரில் இருந்த 8 சதவீதச் சரிவு, தோளைச் சுற்றிப் போனதில் 96 மீற்றர் நீண்டு 5 சதவீதத்துக்கு வந்தது. மொத்தப் பாதை 400 மீற்றரிலிருந்து ஏறத்தாழ 470 ஆனது. கூடின 70 மீற்றரைப் பற்றி வீட்டில் கவலைப்பட்டார்கள், ஆனால் கிரவல் தேவைப்பட்ட நீளம் குறைந்துவிட்டதால் செலவு கூடவில்லை.

அகலம்: சில்லு ஓடுவதற்கு 10 அடி, பற்றை வெட்டுவது 13 அடி, அதற்கு மேல் இல்லை. எங்கள் பக்கம் ஓடுகிற நாலு சில்லு மெசின்கள் 6 அடி அகலத்துக்குக் கிட்டத்தான் வரும், பெட்டி கொஞ்சம் கூட. உயரம் 12 அடிக்குக் கொப்புகளைக் கழித்தோம், அதற்கு மேலே கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ள விட்டுவிட்டோம். அடர்ந்த நிழலில் கினிப்புல் அவ்வளவாக ஓங்காது. அதே நிழல் மழைக்குப் பிறகு பாதை காய்வதைப் பிந்தச் செய்யும், அது உண்மை, ஆகவே பள்ளமான துண்டில் மட்டும் மேற்குப் பக்கத்துக் கொப்பைக் கூடுதலாக எடுத்து வெயிலை விட்டோம். முழுதும் திற, முழுதும் மூடு என்று ஒரு விதி இதற்கு இல்லை, ஒவ்வொரு துண்டாகப் பார்க்க வேண்டும்.

வளைவில் பெட்டியின் சில்லு ட்ராக்டர் சில்லுத் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் வளைவின் உள்பக்கத்தை 3 அடி கூட்டினோம். அதைச் செய்யாத காலத்தில் உள்வளைவில் நின்ற ஒரு முதிரையின் பட்டையைப் பெட்டி மூன்று தரம் உரித்தது.

மரத்தின் வேர் விஷயத்தில் இந்த முறை கண்டிப்பாக இருந்தோம். அடிமரம் 1 அடி விட்டமென்றால் குறைந்தது 6 அடிக்குள் பெக்கோ வாளி போகக் கூடாது, அடியில் மண்ணைக் குவிக்கவும் கூடாது. பாதை நெருங்க வேண்டியிருந்த இடங்களில் வெட்டாமல் மேலே மண் போட்டு உயர்த்திக்கொண்டு போனோம். ஒரு பக்க வேரை வெட்டித்தான் தீர வேண்டுமென்றால் அந்த மரத்தையே முழுதாக எடுத்துவிடுவது நல்லது, அரைகுறையாக விட்ட மரம் ஒரு நாள் யாரோ கீழே போகும்போது விழும்.

பற்றை வெட்டுகிற முறையிலும் ஒரு பாடம் கிடைத்தது. கத்தியால் சரித்து வெட்டிய இளமரத்தின் அடிக்கட்டை ஈட்டி மாதிரி நிற்கும். காய்ந்த பிறகு முதிரைக் கட்டை ட்ராக்டர் ரயரையே துளைத்துவிடும், காலில் ஏறினால் நினைக்கவே வேண்டாம். பெருவிரல் தடிப்பானவற்றை அலவாங்கால் வேரோடு கிளப்புங்கள், அதற்கு மேற்பட்டதை நிலமட்டத்துக்குத் தட்டையாக அறுங்கள்.

வேர் இழுப்பதைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 2021 மார்ச்சில் ஒரு பாலைக் கட்டையைக் கிளப்பச் சங்கிலி கட்டியபோது, கீழே இருந்த இழுவைக் கொக்கியில் மாட்டாமல், சுலபமாக இருக்கிறதென்று அச்சுக்கு மேலே மாட்டிவிட்டோம். கட்டை அசையவில்லை, பின்சில்லு பிடித்தது, முன்சில்லு இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின. ஓட்டிய அண்ணை கிளச்சை மிதித்ததால் திரும்ப விழுந்தது. ட்ராக்டர் பின்பக்கமாகப் புரள்வதற்கு ஒன்றரை விநாடி போதும், முக்கால் விநாடிக்குப் பிறகு ஓட்டுபவரால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் மெசின்களில் பெரும்பாலும் பாதுகாப்புச் சட்டமும் இல்லை. சங்கிலி எப்போதும் அச்சுக்குக் கீழே உள்ள கொக்கியில்தான், சங்கிலி நீளத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது, மட்கார்டில் யாரும் ஏறி இருக்கக் கூடாது. பாலைக் கட்டையோ, இழுத்து எடுக்க முடியாத மரம் அது, சுற்றித் தோண்டி வேரை அறுத்தால்தான் வரும். அல்லது பாதையை இரண்டடி தள்ளிக்கொண்டு போங்கள், நாங்கள் இரண்டு இடத்தில் அப்படித்தான் செய்தோம்.

தண்ணீரை இறக்கி வைப்பது

மண்வேலையைப் பெப்ரவரி கடைசியில், மழை விட்டு மண்ணில் ஈரம் இன்னும் இருக்கும்போது செய்தோம். ஓகஸ்டில் எங்கள் செங்கபில மண் செங்கல் மாதிரி, பெக்கோ பெயர்த்தால் கட்டியாக வரும், கட்டிகளுக்கு நடுவில் காற்று, உருளை ஓடினாலும் இறுகாது. ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்குங்கள். உருண்டையாக நின்று, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாகச் சிதறினால் ஈரம் குறைவு, அப்படியே அப்பிக்கொண்டால் ஈரம் கூட.

முதல் வேலை கரை வரம்புகளை உடைத்தது. தட்டையான துண்டுகளில் பாதையின் நடுவை ஆமை முதுகாக உயர்த்தினோம், 10 அடி அகலத்துக்கு நடு கரையைவிட 4 அங்குலம் உயரம், மண் இருந்து அடங்கிய பிறகு இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல் நிற்கும். பக்கவாட்டுச் சரிவுள்ள துண்டில் ஆமை முதுகு வேண்டாம், முழுப் பாதையையும் கீழ்ப்பக்கமாக லேசாகச் சாய்த்துவிட்டால் தண்ணீர் பரவலாக, மெல்லியதாகக் குறுக்கே கடந்துவிடும்.

இறக்கத்தில் 30 மீற்றருக்கு ஒன்றாக மூன்று குறுக்குத் தாழ்வுகள். பாதை இறங்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் ஒரு சாண் தாழ்ந்து, பிறகு சின்னதாக ஏறி, மறுபடி இறங்கும், தாழ்வின் கீழ்வாய் பாதைக்குச் சரிவாகக் காட்டுப் பக்கம் திறந்திருக்கும். சின்ன வரம்பு கட்டினால் சில்லு அதை ஒரு மாதத்தில் தட்டையாக்கிவிடும், ஏற்ற இறக்கத்தை 20, 25 அடிக்குப் பரத்தி அமைத்தால் ஏற்றிய பெட்டியும் குலுங்காமல் போகும், தண்ணீரும் வெளியே போகும். தாழ்வு விழுகிற இடத்தில் கல்லும் வெட்டிய பற்றையும் போட்டு வைத்தோம், இல்லாவிட்டால் அங்கே புதிதாக ஒரு குழி தொடங்கும். 10 சதவீதச் சரிவென்றால் 80 அடிக்கு ஒன்று வேண்டும், 5 சதவீதத்துக்கு 135 அடி போதும் என்பது காட்டுப் பாதைகளுக்கு வழமையான கணக்கு, எங்கள் மண் கரைகிற மண் என்பதால் நாங்கள் நெருக்கி வைத்தோம்.

இதில் பாதி வேலை 2022இல் நடந்தது, டீசலுக்கு வரிசையில் நின்ற வருடம். மெசின் இல்லாமல் மண்வெட்டியோடு நாலு பேர் இரண்டு நாளில் ஒரு தாழ்வைச் செய்து முடித்தோம். கையால் செய்ததுதான் ஒழுங்காக அமைந்தது, ஏனென்றால் தண்ணீர்க் குழாயை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வெட்டினோம்.

ஓடையில் பைப்பை விட்டுவிட்டோம். 24 அங்குலப் பைப்பின் வாய்ப் பரப்பு 12 அங்குலத்தினதைப் போல நாலு மடங்கு, ஆனால் அதுவும் ஒரு பாலைக் கொப்பு வந்து குறுக்கே நின்றால் அடைபடும், டிசம்பர் இரவில் யார் போய் எடுப்பது? வண்டில் கடந்த அதே இடத்தில், ஓடையின் அடியை 1 அடி தோண்டி 6 முதல் 9 அங்குலக் கற்களைப் பாவினோம், கீழ்ப்பக்க ஓரத்தில் ஆள் தூக்க முடியாத முண்டுக்கற்களைப் புதைத்தோம். மேல்மட்டம் ஓடையின் பழைய மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், உயர்ந்தால் தண்ணீர் அதிலிருந்து குதித்துக் கீழ்ப்பக்கத்தைத் தோண்டிவிடும். ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் 20 அடிக்குக் கிரவல். வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் அந்த ஓடை காய்ந்துதான் கிடக்கும், மற்ற மாதங்களில் அதைக் கடக்க வேண்டிய அவசியமும் எங்களுக்கு இல்லை.

கிரவல் கடைசியில், 2023 மார்ச்சில், அதுவும் பாதை முழுக்க இல்லை. பள்ளத் துண்டும் ஓடைக்கரையும் மட்டும், 300 அடிக்கு 14 கியூப், போடும்போது ஐந்தரை அங்குலம், இறுகிய பிறகு நாலரை. மற்ற இடமெல்லாம் வெறும் மண்ணும் குட்டைப் புல்லும், அது போதுமாக இருக்கிறது.

பூட்டு

முன்வேலியில் இரண்டு கல்தூண் நட்டுச் சங்கிலி போட்டிருக்கிறோம். நவம்பர் நடுவிலிருந்து பெருமழை விட்டு மண் இறுகும் வரை ட்ராக்டர் உள்ளே போகாது. இதைச் செய்வது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். மாமாவுக்கு ஒரு பெட்டி விறகு வேண்டும், மச்சானுக்கு ஒரு தரம் மட்டும் போய் வர வேண்டும், இல்லை என்றால் மனம் கோணும். ஆனால் ஈர மண்ணில் பாரப் பெட்டியோடு ஒரு தரம் போய் வந்தால் விழுகிற இரண்டு தடமும் இரண்டு வாய்க்கால், ஆமை முதுகும் சாய்வும் ஒன்றும் வேலை செய்யாது. இப்போது எல்லோரிடமும் ஒக்டோபரிலேயே சொல்லிவிடுகிறேன், என்ன எடுக்க வேண்டுமோ தீபாவளிக்கு முன்னால் எடுங்கள் என்று.

ஒக்டோபரில் முதல் மழை விழுந்ததும் மண்வெட்டியோடு ஒரு நடை, தாழ்வுகளின் வாயில் சேர்ந்த இலையை இழுத்துவிட. பெருமழை நாளில் முடிந்தால் இன்னொன்று, பார்ப்பதற்கு மட்டும். பெப்ரவரியில் ட்ராக்டரின் பின்னால் பிளேட் மாட்டி, கரைக்கு ஒதுங்கிய மண்ணை நடுவுக்கு இழுக்கிறோம். தடம் விழுந்திருந்தால் அதற்குள் கிரவலைக் கொட்டி மூடக் கூடாது, அது ஒட்டாது, அடுத்த மழையில் வெளியே வரும். தடத்தின் அடி வரை மேற்பரப்பைக் கிளறி, கலந்து, மறுபடி வடிவம் எடுத்து இறுக்க வேண்டும். ஓரப் புல்லை ஜூனில் ஒரு தரம் வெட்டிவிடுகிறோம், கச்சான் காற்றில் காய்வதற்கு முன். வெட்டியதைக் கொளுத்துவதில்லை.

யானை வருகிறது. நாங்கள் திறந்த பாதையை எங்களைவிட அதிகமாக அவைதான் பாவிக்கின்றன, வளைவுப் பாதை என்பதால் அந்தப் பக்கம் நிற்பது தெரியாது. அதனால் இரண்டு வளைவின் உள்பக்கத்தில் மார்பு உயரப் பற்றையை மட்டும் எடுத்துப் பார்வை தெரிய வைத்திருக்கிறோம், பின்னேரம் 5 மணிக்குப் பிறகு யாரும் உள்ளே இருப்பதில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மழை குறைந்த பிறகு ஐயாவின் பேரனோடு நடந்து போய்ப் பார்த்தேன். இறக்கத்தில் மூன்று தாழ்வில் இரண்டு சேதமில்லை, நடுவில் உள்ளதை மட்டும் தண்ணீர் மேவிப் பாய்ந்து கைப்பிடி ஆழத்துக்கு ஒரு கோடு இழுத்திருந்தது, அதன் வாயில் ஒரு கொப்பு விழுந்து கிடந்ததுதான் காரணம். ஓடையில் பாவிய கற்களில் ஆறேழு கீழே உருண்டிருந்தன, முண்டுக்கற்கள் அசையவில்லை. பாதைக்குக் குறுக்கே விழுந்தது ஒரே ஒரு மரம், அதுவும் 2019இல் வேர் அறுந்தவற்றில் மிஞ்சி நின்ற ஒரு பாலை. பழைய நேர்க்கோட்டை நாங்கள் பற்றை ஏற விட்டிருந்தோம், அதன் இறக்கத்தில் மட்டும் இன்னும் ஓர் அடி ஆழம் கூடியிருந்தது. அதைக் கல்லால் படிப்படியாக மறித்து மூட வேண்டும், இத்தனை வருடம் விட்டது எங்கள் பிழை.

பாறைக்கு இந்தப் பக்கத்துப் பள்ளம் 40 மீற்றர் இன்னும் சரிவரவில்லை. கிரவல் நிற்கிறது, ஆனால் கீழிருந்து ஊறி வருகிறது, ஓரக் கான் வெட்டினாலும் வடிவதற்கு இறக்கம் போதாது. ஓர் அடி உயர்த்தி, கீழே பெரிய கல் அடுக்கு ஒன்று கொடுத்து, தண்ணீரைக் கல்லுக்கு நடுவால் கடக்க விடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு ஏழெட்டுக் கியூப் கருங்கல் வேண்டும். இன்று காலை போய் அந்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து அமுக்கிப் பார்த்தேன், விரலில் அப்பிக்கொண்டது. சங்கிலி இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.